கலங்கிய கசிவைக் கண்டால் வண்டியை நிறுத்து

காவிரிப் படுகையில் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புதுஆறு என்று பிரிந்து, அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, பாண்டவையாறு என்று கிளைவிட்டு, வாய்க்கால் வழியாக வயலுக்குள் புகுந்து, மிச்சம் கடலில் சேருகிறது. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் ரயில் பாதை ஏறத்தாழ அந்த ஓட்டத்தோடு கூடவே கிழக்கே போகிறது. மயிலாடுதுறையிலிருந்து பேரளம், பூந்தோட்டம், நன்னிலம், திருவாரூர், திருத்துறைப்பூண்டி என்று தெற்கே இறங்கும் பாதைக்கு அந்த வசதி கிடையாது. வழியில் இருக்கும் அத்தனை ஆற்றையும் வாய்க்காலையும் அது குறுக்கே கடந்தாக வேண்டும். கடலுக்குப் போகிற தண்ணீருக்கு அந்தப் பாதை நீளமான ஒரு தடுப்புக் கரை. பாலங்களிலும், இடையிடையே இருக்கும் சிறு மதகுகளிலும்தான் அதற்கு வழி.

அந்தப் பாதையில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போனது. தண்டவாளத்தைப் பராமரிக்கும் ‘கேங்’ என்கிற குழுவில் கேங்மேனாகச் சேர்ந்து, கீமேனாக நடந்து, குழுவின் மேஸ்திரியாக ஓய்வு பெற்றேன். மீட்டர் கேஜில் தொடங்கி, அகலப் பாதை வந்து, தலைக்கு மேல் மின்கம்பி ஓடுவது வரை பார்த்துவிட்டேன். டெல்டாவில் ரயிலுக்கு எது பெரிய ஆபத்து என்று யார் கேட்டாலும் நான் சொல்வது, கரைக்குள் புகுகிற தண்ணீர் என்றுதான். அதைக் கண்டுபிடிக்க, பாதையோரம் நடந்து போகிற ஆளைவிட நம்பகமான ஏற்பாடு இன்னும் வரவில்லை. அந்த ஆளின் அருமை இப்போது மதிக்கப்படுவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கரை பழைய கரை. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வரையிலான பாதை 1861, 1862 ஆண்டுகளில் வந்தது. மாயவரம் – முத்துப்பேட்டை பாதையைத் தஞ்சாவூர் ஜில்லா போர்டு தன் சொந்த நிதியில் போட்டது, 1894-இல் திறந்தார்கள். நம் ஊர் மக்கள் கட்டிய வரிப்பணத்தில் எழுந்த பாதை அது. அன்றைக்குக் கூடையில் மண் சுமந்து கொட்டி எழுப்பிய கரையின் மேல்தான், பக்கவாட்டில் அகலப்படுத்திக்கொண்டு, இன்றைய அகலப் பாதை ஓடுகிறது. மீட்டர் கேஜ் 1,000 மில்லிமீட்டர். அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். வண்டியின் எடையும் அதற்கேற்ப ஏறியது. கொள்முதல் செய்த நெல்லை அரவைக்கு அனுப்பும் சரக்கு ரயில் ஒன்றிலேயே 2,000 டன் வரை போகிறது. காரைக்கால் துறைமுகத்து நிலக்கரி வண்டிகள் தனி. அத்தனை பாரத்தையும் கடைசியில் தாங்குவது வண்டல் மண்.

கீமேனின் வேலை வெளியில் இருப்பவர்களுக்கு அதிகம் தெரியாது. விடியற்காலையில் கிளம்பி, தனக்கு ஒதுக்கிய தூரத்தை, போகும்போது ஒரு தண்டவாளத்தையும் திரும்பும்போது மற்றொன்றையும் பார்த்துக்கொண்டே நடப்பவர் அவர். தோளில் ஸ்பேனரும் சுத்தியலும். பையில் கொடிகளும், தண்டவாளத்தின் மேல் வைத்தால் சக்கரம் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் வெடிகளும். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கான்கிரீட் ஸ்லீப்பர் ஒன்றுக்கு, தண்டவாளத்தை அதோடு இறுக்கிப் பிடிக்கும் கிளிப் நான்கு. கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர் போட்ட பாதையில் கிளிப்புகள் மட்டும் 6,640. கழன்று வெளியே வந்ததை அடித்து ஏற்ற வேண்டும். மார்கழிக் குளிரில் தண்டவாளம் சுருங்கி இழுக்கும். வெல்டிங் செய்த இடத்தில் சின்னக் கீறல் இருந்தாலும் அங்கேதான் விட்டுக்கொடுக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் நீளப் பார்க்கும். ஜல்லி குறைந்த இடமாக இருந்தால் பக்கவாட்டில் நெளிந்துவிடும். வேளாங்கண்ணி, நாகூர் பக்கம் உப்புக் காற்று தண்டவாளத்தின் அடிப்பாகத்தைத் தின்கிறது. கிளிப் உட்காரும் இடத்தில், லைனர் என்கிற சிறு தகட்டுக்கு அடியில் பிடிக்கிற அந்தத் துரு மேலே நின்று பார்த்தால் தெரியாது. உட்கார்ந்து, கழற்றி, துடைத்துப் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் எல்லா ஊர்ப் பாதையிலும் ஏதோ ஓர் அளவில் உண்டு. டெல்டாவின் கீமேனுக்கு இவற்றுக்கு மேல் இன்னொரு வேலை இருக்கிறது. தலையைத் தூக்கி, இரண்டு பக்கத்து வயலிலும் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மேற்கே ஒரு முழம் தண்ணீர் நிற்க, கிழக்கே வயலில் வரப்பு வரை தெளிவாகத் தெரிந்தால், நடுவில் இருக்கும் மதகு அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு முழத்து வித்தியாசம் இரவும் பகலும் கரையை அழுத்திக்கொண்டே இருக்கும்.

மதகை அடைப்பது பெரும்பாலும் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும். காட்டாமணக்கை வெட்டிக் கரையில் போட்டால் போட்ட இடத்திலேயே வேர்விட்டுவிடும். தண்ணீரில் விட்டால் அடுத்த மதகில் போய்த் தங்கி அங்கே தழைக்கும். அதை வேரோடு பிடுங்கி, மேட்டில் காயப்போட்டு எரித்தால்தான் தீரும். சில இடங்களில் மனிதர்களே அடைப்பார்கள். குறுவைக்குத் தண்ணீர் கடைமடை வரை ஏறாத வருடங்களில், மேற்குப் பக்கத்து விவசாயி மதகு வாயில் மண்ணும் மட்டையும் வைத்துத் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்புவார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. காய்கிற பயிரைப் பார்த்துக்கொண்டு யார் சும்மா இருப்பார்கள்? ஆனால் அடைத்ததை மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும். புரட்டாசி பிறந்ததும் வீடு வீடாகப் போய், "அண்ணே, மதகு வாயைத் திறந்துவிடுங்கள், ஐப்பசி வருகிறது" என்று சொல்லிவிட்டு வருவோம். எந்தக் கையேட்டிலும் எழுதாத வேலை அது. சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், பாதி வீடுகளில் மோர் கொடுத்து அனுப்புவார்கள்.

அடுத்தது நண்டு. வயல் நண்டு வரப்பில் வளை வைப்பது எல்லோருக்கும் தெரியும். ரயில் கரையும் அதற்கு ஒரு பெரிய வரப்புதான். கோடையில் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் எலி குடியேறும். தண்ணீர் ஏறியதும் நண்டு வரும். மேற்குச் சரிவில் ஒன்று, கிழக்குச் சரிவில் ஒன்று என்று தனித்தனியாகத் தோண்டுகிற வளைகள் உள்ளே கிட்டத்தட்டச் சந்தித்துக்கொண்டால், அழுத்தி நிற்கிற தண்ணீருக்கு மிச்சம் இருக்கும் கொஞ்சம் மண்ணைத் தள்ள வெகு நேரம் ஆகாது.

அதை நேராகப் பார்த்தது ஒரு கார்த்திகை மாதத்தில். மூன்று நாள் விடாத மழை. இரவு ரோந்து போனவர் எங்கள் கேங்கிலேயே வயதில் இளையவர், சம்பா சாகுபடி செய்கிற குடும்பத்துப் பிள்ளை. இரண்டு ஆறுகளுக்கு நடுவே, கிழக்குச் சரிவின் அடியில், தண்ணீர் ஊறி வருவது அவர் டார்ச் வெளிச்சத்தில் பட்டிருக்கிறது. மழைக்காலத்தில் கரை ஊறுவது புதிதில்லை. தெளிந்த தண்ணீராக ஊறினால் குறித்துக்கொண்டு, அடுத்த நடையில் மறுபடி பார்த்தால் போதும். அவர் குனிந்து உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தார். கலங்கல். தண்ணீர் வழிந்த பிறகு விரலிடுக்கில் நைசான மண் தங்கியிருந்தது. கரையின் வயிற்றுக்குள் இருக்கும் மண் கரைந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது என்பது அதற்கு அர்த்தம். மேலே தண்டவாளம் நேராக, ஜல்லி கலையாமல், ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. டிராலியில் போனாலும் எஞ்சினில் போனாலும் யார் கண்ணுக்கும் எதுவும் தட்டுப்பட்டிருக்காது.

அந்த இடத்தில் சிவப்பு விளக்கை வைத்துவிட்டு, எந்தப் பக்கம் வண்டி முதலில் வரும் என்று தெரியுமோ அந்தப் பக்கம் ஓடினார். விதி தெளிவானது: 600 மீட்டரில் ஒரு வெடி, 1,200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடி. மழையில், ஜல்லி மேல், ஒற்றை ஆளாக 1,200 மீட்டர் ஓடுவது எவ்வளவு தூரம் என்பது ஓடியவனுக்குத்தான் தெரியும். வெடிகளை வைத்துவிட்டு, வழியில் இருந்த கேட்டிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சொன்னார். இரு பக்கமும் வண்டிகள் நின்றன.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊர்க்காரர்கள் எங்களுக்கு முன்பே அரிக்கேனோடு நின்றிருந்தார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லிக்கொடுத்தது, கசிகிற வாயை அடைக்கக் கூடாது என்பதை. அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு கிளம்பும். கசிவைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, நடுவே மணலும் அதன் மேல் ஜல்லியும் போட்டு, தண்ணீர் வடிய வேண்டும், மண் மட்டும் தங்க வேண்டும். அடைக்க வேண்டியது மேற்குப் பக்கத்து வாயை. அதைக் கண்டுபிடித்தவர் ஊர்ப் பெரியவர் ஒருவர். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சரிவைக் காலால் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்று, "காலை இழுக்கிறது" என்றார். நண்டு வளை, கை நுழையும் அகலம். களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து உருட்டி அழுத்தி, அதன் மேல் மூட்டை போட்டார்கள். கொஞ்ச தூரம் தள்ளி இருந்த மதகில் காட்டாமணக்கை அரிவாளால் வெட்டி இழுத்துப் போட்டதும் தேங்கிய தண்ணீர் இரைச்சலோடு கிழக்கே பாய்ந்தது. விடியும்போது மேற்கு மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கிவிட்டது. முதல் வண்டியை நடை வேகத்தில் விட்டோம். வண்டி மேலே போக, நான் கிழக்குச் சரிவில் உட்கார்ந்து கசிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெளிந்த தண்ணீராகத்தான் வந்தது.

அந்த இளைஞர் கலங்கலுக்கும் தெளிவுக்கும் இருக்கும் வித்தியாசத்தை ரயில்வேயில் கற்கவில்லை. ஆற்றங்கரை உடைப்பெடுக்கிற காலத்தில், அப்பாவோடு கரைக் காவல் இருந்து கற்றது அது. இந்தக் காரணத்தால்தான் உள்ளூர் ஆள் ஒவ்வொரு கேங்கிலும் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். நாடு முழுவதற்குமான தேர்வில் தேறி வெளி மாநிலங்களிலிருந்து வருகிற பிள்ளைகள் உழைப்பில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. அவர்களில் பலரை நான் பழக்கியிருக்கிறேன். மண்ணைக் காட்டிக்கொடுக்க ஓர் ஆள் கூட இருந்தால் இரண்டு மழைக்காலத்தில் தேறிவிடுகிறார்கள். காட்டிக்கொடுக்கும் ஆள் ஓய்வு பெற்று, அந்த இடம் காலியாகவே கிடந்தால் அவர்கள் யாரிடம் கற்பார்கள்?

தண்ணீர் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டு ரயில்வே மறக்கக் கூடாத நாள் 1956 நவம்பர் 23. அரியலூருக்குத் தெற்கே மருதையாற்றில் வெள்ளம். பாலத்தோடு தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அவர் பதவி விலகியதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பாலத்தின் அடியை ஆறு அரித்ததைப் பேசுகிறவர் குறைவு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது மூத்த மேஸ்திரிகள் பாலத்துத் தூணில் இருக்கும் அபாயக் கோட்டைக் காட்டி, அந்த விபத்தைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் வண்டி நிற்க வேண்டும். யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

2008-இல் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. டெல்டா முழுக்க எது வயல், எது ஆறு என்று தெரியவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வந்தபோது மழையைவிடக் காற்றுதான் பாடுபடுத்தியது. தென்னையும் புளியும் பாதை மேல் கிடந்தன. மரம் விழுந்தால் தெரியும், அறுத்து எடுத்துவிடலாம். உள்ளே குடைந்துகொண்டிருக்கிற தண்ணீர் சத்தம் போடாது.

ரயில் பாதுகாப்பு என்றால் பொதுவாகப் பேசப்படுவது கேட்டும் சிக்னலும். பேசத்தான் வேண்டும். 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில், விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் பள்ளி வேன் மேல் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். சிக்னலோடு பிணைக்கப்படாத கேட் அது. கேட் மூடினால்தான் வண்டி போகலாம் என்று சிக்னல் விழும் என்ற பிணைப்பு இருக்கும் இடத்தில், ஒரு மனிதனின் அயர்வு அப்படியே உயிரிழப்பாக மாறாது. எல்லா கேட்டிலும் அந்தப் பிணைப்பு வர வேண்டும். அதற்குச் செலவைக் காரணம் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். மணிக்கணக்கில் தனியாக ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, தொலைபேசி மணிக்கும் சாலையில் நிற்பவர்களின் ஏச்சுக்கும் நடுவே வேலை பார்க்கும் கேட் கீப்பரை ஊர் வில்லனாகப் பார்க்கிறது. திருவாரூர் – காரைக்குடி அகலப் பாதையில் 2019-இல் ரயில் விட்டபோது கேட்டுக்கு ஆள் போதாமல், கேட் கீப்பர்கள் வண்டியிலேயே பயணம் செய்து, ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடி, வண்டி கடந்ததும் திறந்து, மறுபடி ஏறிக்கொண்டார்கள். பயணம் ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பயணிகள் சலித்துக்கொண்டது நியாயம்தான். ஆனால் ஆள் இல்லாத கேட்டைத் திறந்து போட்டு வேகமாக ஓட்டியிருக்க முடியுமா?

அறுவடை முடிந்ததும் வைக்கோல் லாரிகள் கிளம்பும். மின்பாதை வந்த பிறகு கேட்டுக்கு முன்னால் உயரத் தடுப்பு நிறுத்தியிருக்கிறார்கள். மேலே போவது 25,000 வோல்ட். தடுப்பில் வைக்கோல் உரசுகிறது என்று கழியால் தடுப்புக் கம்பியைத் தூக்கிப் பிடித்து லாரியை உள்ளே விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஈர வைக்கோலுக்கும் மின்சாரத்துக்கும் தொட்டுக்கொள்ள வேண்டிய அவசியம்கூட இல்லை.

கேட்டைப் பிணைக்கலாம், சிக்னலை ஓட்டுநர் மீறினால் வண்டியைத் தானாக நிறுத்த ‘கவச்’ கருவி இருக்கிறது. இவை வரட்டும், சீக்கிரம் வரட்டும். கரைக்குள் நண்டு வளை சந்திப்பதைச் சொல்லக்கூடிய கருவி அவற்றில் எதுவும் இல்லை. ரோந்துக்காரர் கையில் இப்போது ஜி.பி.எஸ். கொடுத்திருக்கிறார்கள். இருட்டில் ஒற்றையாக நடக்கிறவர் எங்கே இருக்கிறார் என்று தெரிவது அவருக்கே பாதுகாப்பு. அதை நான் வரவேற்கிறேன். எனக்கு மனம் பொறுக்காதது வேறு. அவர் எந்த வேகத்தில், எத்தனை மணிக்கு எங்கே கடந்தார் என்பதைத் திரையில் பார்த்து விளக்கம் கேட்கிறார்கள். என்ன பார்த்தார் என்று கேட்க ஆள் இல்லை. குனிந்து தண்ணீரை அள்ளிப் பார்க்கிறவர் தாமதமாகத்தான் போவார். அந்தத் தாமதத்துக்கு மெமோ கொடுத்தால் அடுத்த முறை யார் குனிவார்கள்? பாதையில் வேலை செய்கிறவருக்கு வண்டி வருவதை முன்கூட்டியே ஒலித்துச் சொல்லும் ‘ரக்‌ஷக்’ கருவி எல்லார் கையிலும் இருக்க வேண்டும். ஆளைக் கண்காணிக்கும் கருவி வந்த வேகத்தில் ஆளைக் காப்பாற்றும் கருவி வரவில்லை என்பது எங்கள் ஆட்களின் நியாயமான வருத்தம்.

மதகு விஷயத்தில் ஒரு கோரிக்கை. பருவமழைக்கு முன் மதகுகளைச் சுத்தம் செய்வது வழக்கம். டெல்டாவில் அது ஒரு முறை போதாது. மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தால் அது கடைமடைக்கு வருவதற்குள் ஒரு முறை, புரட்டாசியில் மறுபடி ஒரு முறை செய்ய வேண்டும். சித்திரை, வைகாசியில் நீர்வளத் துறை வாய்க்கால் தூர் வாருகிறது. ரயில்வே எல்லைக் கல் வந்ததும் பொக்லைன் திரும்பிவிடுகிறது. மதகுக்கு அடியில் இருப்பதை ரயில்வே சுத்தம் செய்கிறது. எல்லைக் கல்லுக்கும் மதகு வாய்க்கும் நடுவே இருக்கும் சில கஜ தூரத்தை இருவரும் விட்டுவிடுகிறார்கள். காட்டாமணக்கு அங்கேதான் தழைக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதை மதகு எண்ணோடு எழுதிக் கொடுங்கள். ரயில்வேக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இரண்டு துறை ஆட்களும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வந்தால் அரை நாள் வேலை.

பாதையோரம் வயல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. மழைக்காலத்தில் கரையின் அடியில் தண்ணீர் ஊறுவதைப் பார்த்தால் அள்ளிப் பாருங்கள். கலங்கலாக இருந்தால் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஜல்லிக்குள்ளிருந்து சேறு பீய்ச்சுவது, சரிவில் நீளவாக்கில் வெடிப்பு விடுவது, மின்கம்பம் சாய்ந்தது போலத் தெரிவது ஆகியவையும் அதே கணக்குத்தான். பக்கத்து கேட்டுக்கு ஓடிச் சொன்னால் கேட் கீப்பர் அங்கிருந்தே ஸ்டேஷன் மாஸ்டரிடம் பேசிவிடுவார். அதுதான் எல்லாவற்றிலும் விரைவான வழி. கேட் தூரமாக இருந்தால் ரயில்வே உதவி எண் 139-க்குப் போன் செய்யுங்கள். இடத்தைச் சொல்ல, பக்கத்தில் இருக்கும் மின்கம்பத்தில் எழுதியிருப்பதைப் படித்துச் சொன்னால் போதும். முதலில் இருப்பது கிலோமீட்டர், அடுத்தது அந்தக் கிலோமீட்டருக்குள் கம்பத்தின் வரிசை எண். கம்பம் இல்லாத இடத்தில் கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே என்பதையும் சொல்லுங்கள். மேற்குச் சரிவா, கிழக்குச் சரிவா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வருகிற கேங்குக்கு இருட்டில் தேடும் நேரம் மிச்சமாகும்.